பிடரியில் ஒரு கோடு

இந்த அறையில் ஹீட்டரைக் கூட்டி வைப்பதில்லை, சிஹோ. குளிரெடுத்தால் அந்தப் போர்வையை எடுத்து மடியில் போட்டுக்கொள். சூடு ஏறினால் களிமண்ணின் மேல்தோல் முந்திக் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும், மறுநாள் காலையில் பார்த்தால் பொம்மையின் முகமெல்லாம் வெடித்திருக்கும். என்னிடம் படிக்க வந்த எல்லாப் பெண்களும் முதல் குளிர்காலத்தில் இந்தத் தப்பைச் செய்தார்கள். உன் அம்மா மட்டும் செய்யவில்லை.

பேசும்போது என்னால் கையைச் சும்மா வைத்திருக்க முடியாது. இந்தப் பத்து நாளாக அது இன்னும் மோசம். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றை உருட்டிக்கொண்டிருக்கிறேன். நாளிதழைப் பிரித்தால் ஓரத்தைக் கிழித்துத் திரிக்கிறேன். எழுந்து எழுந்து போய் ஜன்னலைப் பார்க்கிறேன். யாரோ வரப்போகிறார்கள் என்று தெரிந்திருந்தது, போலீஸாக இருக்கும் என்று நினைத்தேன். நீ வந்தாய். அந்த முட்டை அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பனியில் நீ மேடேறி வந்ததைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. அம்மாவின் வீட்டைக் காலி செய்ய வந்த இடத்தில் அதைத் திறந்திருக்கிறாய். மரத்தில் தொங்கவிடுகிற கிறிஸ்துமஸ் பொம்மைகள், பதினொன்று. பதினொன்றும் நீ.

வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டாய்: "நான் லெட்டர்ல எழுதினது எல்லாம் இதுல எப்படி வந்துச்சு?" ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் தப்பாகப் புரியும். வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் எழுந்து போகாமல் கேள்.

பத்து வயதில் நீயும் அம்மாவோடு இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறாய், நினைவிருக்கும். களிமண் என்று சொல்கிறோமே தவிர இது மண் இல்லை, ரெசின் கலந்த மாவு. சூளை வேண்டாம், காற்றிலேயே காயும். காய்ந்தால் சுருங்கும், அதனால் எதையும் கொஞ்சம் பெரிதாகவே பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் தாளில் இருந்து வெளியே எடுத்த பிறகு பத்து நிமிடம்தான் நம் கைக்கு வளையும். அதற்குள் முகத்தை முடிக்காவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். அந்தப் பத்து நிமிடத்தை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வரும்.

நீ அப்பாவோடு சண்டை போட்டு, பிடித்தவனோடு ஊரைவிட்டுப் போனது பதினொரு வருடத்துக்கு முன்னால் செப்டம்பரில். அம்மா அப்பாவின் பக்கம் நின்றுகொண்டு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதுதான் உன் கோபம். நவம்பரில் எனக்கு ஒரு தபால் வந்தது. உறைக்குள் இன்னொரு உறை. கூட ஒரு துண்டுச்சீட்டு. "டீச்சர், வீட்டுக்கு எழுதினால் அப்பா கிழித்துவிடுவார். போன் பண்ணினாலும் அவர்தான் எடுப்பார். புதன்கிழமை வகுப்பில் இதை அம்மா கையில் கொடுத்துவிடுங்கள்." அதில் ஃபுகுவோகா விலாசம் இருந்தது. நாட்டின் அந்தக் கோடிக்குப் போயிருக்கிறாளே என்று நினைத்தேன்.

கொடுக்கத்தான் நினைத்தேன். அந்தப் புதன்கிழமை கடிதம் என் ஏப்ரன் பையிலேயே இருந்தது. ஆனால் அன்றைக்கு உன் அம்மா ஒரு தேவதையின் முகம் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ போன பிறகு அவள் கைக்கு ஏதோ ஆகியிருந்தது. அதுவரை சுத்தமாகச் செய்வாள், அவ்வளவுதான். அன்றைக்கு அந்த முகத்தில் அப்படி ஒரு ஏக்கம் வந்திருந்தது. முப்பது வருடம் சொல்லிக் கொடுத்த எனக்கு என் கையில் ஒரு நாளும் வராத ஒன்று. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தது. இப்போது கடிதத்தைக் கொடுத்தால் அழுவாள், முகம் பாழாகும். அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அவளே சொன்னாள். "சிஹோ எங்க இருக்கான்னு தெரிஞ்சா போதும் டீச்சர், அன்னைக்கே ரயில் ஏறிடுவேன். அவரு என்ன வேணா கத்திக்கட்டும். அவ கூடவே இருந்துடுவேன்."

"அப்ப வகுப்பு?" என்று கேட்டேன்.

"வகுப்பா? களிமண்ண யாரு நெனச்சா?"

வகுப்பில் அப்போது ஐந்து பேர்தான் மிச்சம். அவர்களில் மீன்கடை மிட்சுவே அரட்டைக்கு வருகிறவள், மற்ற மூவரும் வீட்டில் பொழுது போகாமல் வருகிறவர்கள். உன் அம்மா ஒருத்திதான் கைத்திறன் உள்ளவள். நான் கடிதத்தை அதோ அந்த பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். அதைத் திருட்டு என்று நீ சொல்வாய். பத்திரமாக வைத்தேன் என்றுதான் நான் நினைத்தேன்.

ஆனால் என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையும் ஓடவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அம்மாவுக்கு உன்னைப் பற்றித் தெரிந்தாக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கடிதத்தைத் திறந்து படித்தேன். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதாக எழுதியிருந்தாய், ரொட்டிக் கடையில் வேலை, சிவப்பு மேல்கோட்டு. உட்கார்ந்து ஒரு பொம்மை செய்தேன். சிவப்புக் கோட்டு, குட்டை முடி, கையில் ஒரு ரொட்டி, தலையில் தொங்கவிட ஒரு வளையம். டிசம்பர் முதல் வாரம் எங்கள் சங்கக் கூட்டத்துக்கு சப்போரோ போவேன் இல்லையா, அங்கே இருந்து பேர் போடாமல் தபாலில் அனுப்பினேன்.

அடுத்த புதன்கிழமை உன் அம்மா செருப்பைக்கூட நேராகக் கழற்றி வைக்காமல் ஓடி வந்தாள். நீ பார்த்திருக்க வேண்டும். "டீச்சர், உயிரோட இருக்கா! முடிய வெட்டிட்டா பாருங்க! இது அவ கைதானே டீச்சர்? நம்ம முறைதானே இது?"

"உங்க கண்ணுக்குத் தெரியாததா?" என்றேன். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பதினொரு வருடத்தில் ஒரு முறைகூட நான் பொய் சொன்னதில்லை.

மிட்சுவே அக்கா பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, உங்க பொண்ணு பொம்மையாச்சும் அனுப்புறா. என் பையன் அதே சப்போரோவுல இருந்துக்கிட்டு ஒரு போன் பண்றதில்ல. அவனையும் இங்க சேத்து விட்டிருக்கணும் போல, தப்புப் பண்ணிட்டேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தாள், நீ போன பிறகு முதல் தடவையாக. அவள் சிரித்ததை நான் பார்த்தேன், சிஹோ. அந்தச் சிரிப்பை யார் கொடுத்தது என்பதையும் நீ யோசிக்க வேண்டும்.

அப்படித்தான் தொடர்ந்தது. நீ எழுதுவாய், நான் படிப்பேன், டிசம்பரில் அது பொம்மையாக உன் அம்மாவுக்குப் போகும். கண்ணாடி போட்ட வருடம் கண்ணாடி வைத்தேன். வயிற்றில் பிள்ளை என்று எழுதிய வருடம் கோட்டின் பொத்தானை இழுத்துப் பிடித்தாற்போல் செய்தேன். உன் அம்மா அந்தப் பொத்தானை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். இதே மேசையில் உட்கார்ந்து சின்னதாக ஒரு ஜோடி காலுறை பின்னினாள். சோத்தா பிறந்ததும் கைக்குழந்தையோடு செய்து அனுப்பினேன். நீ எழுதிய ஒரு சேதிகூட வீணாகவில்லை. விலாசத்தைத் தவிர எல்லாம் உன் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

சப்போரோ தபால் முத்திரையைப் பார்த்து நீ அங்கே இருக்கிறாய் என்று அவள் நினைத்தது என் தப்பில்லை. ஒவ்வொரு ஜனவரியும் அப்பாவிடம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ரயில் ஏறுவாள். சப்போரோ ஸ்டேஷனில் டிக்கெட் வாசல் எதிரே உன் போட்டோவை வைத்துக்கொண்டு மூன்று நாள் நிற்பாள். ரொட்டிக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்குவாள். ஒரு வருடம் நானும் துணைக்குப் போனேன். கால் விறைக்கும், இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். வழியில் சாப்பிட சோற்று உருண்டைகூடப் பிடித்து எடுத்துப் போனேன். போய் நிற்க வேண்டாம் என்று மட்டும் சொல்ல முடியவில்லை. என்ன காரணம் சொல்வது?

பதினான்கு கடிதம் எழுதினாய். கடைசிக் கடிதம் நான்கு வருடத்துக்கு முன்னால் வந்தது. "அம்மாவுக்கு என்னைப் பார்க்க இஷ்டமில்லை என்று புரிந்துகொண்டேன். இனி தொந்தரவு செய்யமாட்டேன்." அதைப் படித்துவிட்டு நான் அழுதேன், நம்பினால் நம்பு. உன் மேல் கோபமும் வந்தது. இத்தனை சீக்கிரம் அம்மாவை விட்டுவிடுவாயா என்று கோபம். மறு வருடம் உன் அப்பா போய்ச் சேர்ந்தார். கடிதத்தைக் கிழிக்க ஆள் இல்லை, போனை எடுக்க ஆள் இல்லை. உனக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் மறுநாளே நீ வந்திருப்பாய். அது எனக்கும் தோன்றியது. தோன்றாமல் இருக்குமா? எழுதக்கூட உட்கார்ந்தேன். ஆனால் முதலில் இருந்து சொல்ல வேண்டியிருக்குமே. அதனால் வேண்டாம் என்று விட்டேன்.

கடைசி மூன்று பொம்மைகள் மட்டும் நானாகச் செய்தவை. சேதி நின்றுவிட்டது, டிசம்பர் நிற்கவில்லை. சோத்தாவுக்குத் தொப்பி போட்டு, கையில் பேஸ்பால் மட்டை கொடுத்தேன். அவன் பேஸ்பால் ஆடுவானா? ஆடமாட்டானா? நீச்சலா? அடடா. உன் அம்மா அவனுக்காக ஒரு கையுறை வாங்கி வைத்திருந்தாள், தோல் கையுறை, அலமாரியில் இருக்கும் பார். பார்த்திருப்பாய்.

இனி, பத்து நாளைக்கு முன்னால் அந்த வியாழக்கிழமை.

பொம்மையின் முகத்தை யார் வேண்டுமானாலும் அழகாகச் செய்யலாம், யார் கை என்று தெரிய வேண்டுமானால் முடியை விலக்கிப் பிடரியைப் பாருங்கள் என்று வகுப்பில் எப்போதும் சொல்வேன். நாம் விரல் ரேகையை எல்லா இடத்திலும் எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுத்துவிடுவோம். பிடரியை மட்டும் யாரும் தேய்ப்பதில்லை. தொங்கவிடும் வளையத்துக்குக் கம்பி குத்தும்போது தலையை இடது பெருவிரலால் அங்கேதான் பிடிக்கிறோம், மேலே முடி ஒட்டி மறைத்துவிடுகிறோம். நானும் தேய்த்ததில்லை. நானே சொல்லிக் கொடுத்த விஷயம், எனக்கே உறைக்கவில்லை. இதோ பார் என் பெருவிரலை. ஒன்பது வயதில் கணவாய் மீன் அரியும்போது கத்தி குறுக்கே இறங்கியது. அந்தத் தழும்பு.

முதல் வருடப் பொம்மைக்குப் பசை வயதாகி முடி கழன்றுவிட்டது. உன் அம்மா தானே ஒட்டிக்கொள்ளலாம் என்று எடுத்திருக்கிறாள். நான் சொன்ன மாதிரியே பிடரியைப் பார்த்திருக்கிறாள், விரல் ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு. பிறகு மற்ற பத்துக்கும் முடியைப் பெயர்த்துப் பார்த்திருக்கிறாள். நீ பெட்டியைத் திறந்தபோது எல்லாப் பொம்மையும் மொட்டையாக இருந்ததே, அது அவள் செய்தது.

மதியம் மணி அடித்தது. வகுப்பு இல்லாத நாள். இந்த வருடப் பொம்மைக்கான களிமண்ணை அப்போதுதான் தாளில் இருந்து எடுத்து, தலை பிடித்து, கண் குழி அழுத்தியிருந்தேன். கதவு பூட்டவில்லை. உன் அம்மா உள்ளே வந்தாள். கைப்பையை வாசலிலேயே போட்டுவிட்டு, பனி பூட்ஸோடு, ஆமாம், பூட்ஸைக் கழற்றாமல், பாயை மிதித்துக்கொண்டு இந்த அறைக்குள் வந்தாள். இருபது வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

"டீச்சர், இடது கைப் பெருவிரலக் காட்டுங்க."

"என்ன கினுயோ இது, முதல்ல பூட்ஸைக் கழட்டுங்க, தரையெல்லாம் ஈரம்..."

"காட்டுங்கன்னு சொல்றேன்ல."

காட்டினேன். கோட்டுப் பையில் இருந்து மொட்டைத் தலைப் பொம்மை ஒன்றை எடுத்து விரலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், திரும்பப் பையில் போட்டுக்கொண்டாள்; கோட்டோடு அது உன் கைக்கு வந்திருக்கும். ஏன் செய்தாய் என்று கேட்பாள், திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவள் அதெல்லாம் கேட்கவில்லை.

"எங்க இருக்கா?"

"உக்காருங்க, டீ போடறேன்."

"எங்க இருக்கா?"

கையில் களிமண் இருந்ததால் முகவாயால் டின்னைக் காட்டினேன்.

"லெட்டரா? எத்தனை?"

"பதினாலு."

டின்னை எடுத்துக்கொண்டு அங்கேயே, நீ உட்கார்ந்திருக்கும் இடத்தில், பூட்ஸோடு தரையில் உட்கார்ந்தாள். அந்த மூடி துருப்பிடித்து இறுகிப்போனது. ஸ்பூன் காம்பால் நெம்பினால்தான் வரும். அவள் நகத்தால் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் திறந்து கொடுத்திருக்கலாம்.

பிறகு ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. "டீச்சர், மாத்திரை... பையில..." என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் எனக்குத் தெளிவாகவே கேட்டது. பை வாசலில் இருந்தது. பிறகு நடந்து பார்த்தேன், பதினோரு அடி.

பத்து நிமிடம் என்று சொன்னேன் இல்லையா, அதில் நான்கு போய்விட்டிருந்தது. கண் குழி அழுத்தியாயிற்று, உதடு பிடிக்கவில்லை. அப்படியே விட்டால் வெடித்துவிடும். அதைவிட, நான் ஏதும் நினைக்காமலே, அந்த முகத்தில் அது வந்துகொண்டிருந்தது. உன் அம்மாவின் கையில் மட்டும் வரும் என்று சொன்னேனே, அந்த ஏக்கம். ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக என் கையில். நான் அதை முடித்தேன். கண் இரண்டும், வாயும். முடித்துக்கொண்டிருக்கும்போது டின்னில் நகம் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு கேட்கவில்லை. கையைக் கழுவினேன், இல்லாவிட்டால் போனில் ஒட்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் வருவதற்குள் டின்னை அவள் கையில் இருந்து எடுத்து அலமாரியில் வைத்தேன், தரையைத் துடைத்தேன்.

கொஞ்சம் முன்னால் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். போலீஸ்காரர் ஒருவர் வந்து எப்போது விழுந்தார் என்று கேட்டார். மதியம் என்றேன். குறித்துக்கொண்டு போனார்; உன்னைத் தேடிப் பிடித்துச் சேதி சொன்னதும் அவர்கள்தான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன்னிடம் சொன்னதைத்தான் அவரிடமும் சொல்லியிருப்பேன். நீ இப்போது போய்ச் சொல்வதானாலும் சொல். நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அந்தப் பொம்மையை நாலாம் நாளே தூக்கிப் போட்டுவிட்டேன். காய்ந்த பிறகு பார்த்தால் அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. சாதாரணப் பொம்மை. அதில் இருந்துதான் இந்தக் கை நிற்கமாட்டேன் என்கிறது.

இந்தா, டின். மூடியைத் திறந்து வைத்திருக்கிறேன், கடிதம் பதினான்கும் இருக்கிறது. எண்ணிப் பார்த்துக்கொள்.

அழு. அழுவது நல்லது. ஆனால் முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி அழு. உன் மூக்கைப் பதினொரு வருடமாகத் தப்பாகவே செய்திருக்கிறேன். அம்மாவின் மூக்கேதான் உனக்கு. இப்போது பார்த்ததில் இது சரியாக வந்துவிட்டது. பேசிக்கொண்டே என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாயே, இதுதான். உன் அம்மா. பூட்ஸோடு உட்கார்ந்திருக்கிறாள், மடியில் டின். மூடி திறந்திருக்கிறது, பார்த்தாயா? திறந்தே செய்துவிட்டேன். கையில் ஒரு கடிதம்கூடக் கொடுத்திருக்கிறேன்.

தொடாதே, ஈரம். காய மூன்று நாள் ஆகும், நீ அதற்குள் ஊருக்குப் போய்விடுவாய். தபாலில் அனுப்புகிறேன். இது அறுபத்தேழு வயது. அடுத்த டிசம்பரில் அறுபத்தெட்டாகச் செய்து அனுப்புகிறேன், தலை கொஞ்சம் நரைக்க வேண்டும். அதற்கடுத்த வருடம் ஒரு கைத்தடி கொடுக்கலாம். ஒரு வருடம்கூட விடமாட்டேன், அம்மா இல்லை என்ற குறை உனக்கு வராது. விலாசம் எழுதித் தர வேண்டாம் சிஹோ, வீடு மாறவில்லை என்றால் எனக்கு மனப்பாடம்.